ஊசிக்கு வழி சொல்லும் செயலி: தவறு நடந்தால் யார் பொறுப்பு?

வலை இழுக்கிற தோள், ஐஸ் பெட்டி தூக்குகிற இடுப்பு, மீன் கூடைக்கு முன்னால் மணிக்கணக்கில் மடங்கிக் கிடக்கிற முழங்கால். புதுச்சேரியின் வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊரில் வலி என்பது தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. மாத்திரை போட்டும் தீராத வலிக்கு அக்குபஞ்சரைத் தேடிப் போகிறவர்கள் நம்மிடையே பலர். போகிற இடத்தில் இனி ஊசிக்கு முன்னால் ஒரு டேப்லெட் நீளலாம். எந்தப் புள்ளியில் குத்துவது, எத்தனை நிமிடம் ஊசியை விட்டுவைப்பது, எத்தனை தடவை வரச் சொல்வது என்று அதிலுள்ள செயலி பட்டியல் போடும். அந்தச் செயலியால் என்ன முடியும், என்ன முடியாது, தவறு நடந்தால் எங்கே போவது என்பதை ஊசி ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மென்பொருள் என்ன செய்கிறது?

இவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதல் வகை, புள்ளிகளின் படத்தொகுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட தர வரையறையில் உள்ள 361 புள்ளிகளை இவை படமாகக் காட்டும். இரண்டாம் வகை, நோயாளியின் வலி, வயது, முந்தைய சிகிச்சை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு சிகிச்சைத் திட்டம் வகுப்பது. செயற்கை நுண்ணறிவு புகுந்திருப்பது இங்கேதான். மூன்றாம் வகை, கை கால்களில் தோலின் மின்தடையை அளந்து, அக்குபஞ்சர் சொல்லும் ஆற்றல் பாதைகளில் எது பலவீனமாக இருக்கிறது என்று வரைபடம் தருவது.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு அமர்விலும் எங்கே குத்தினார்கள், வலி குறைந்ததா என்பது பதிவாகும். கர்ப்பிணி என்று பதிந்தால் தவிர்க்க வேண்டிய புள்ளிகளை நல்ல மென்பொருள் எச்சரிக்கும். படகில் ஜி.பி.எஸ். இருப்பது போன்ற உதவி இது. ஆனால் பாறையில் மோதினால் ஜி.பி.எஸ்.மீது பழி போட்டுத் தப்ப முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் படகை ஓட்டியவர்தான்.

திரை பார்க்காத உடம்பு

முழங்காலுக்குக் கீழே உள்ள, அதிகம் பயன்படும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். முழங்கால் மூட்டுக்குக் கீழே மூன்று 'சுன்' தொலைவில் அது இருப்பதாகச் சொல்வார்கள். சுன் என்பது சென்டிமீட்டர் போல எல்லோருக்கும் பொதுவான அளவு அல்ல. அந்த நோயாளியின் கட்டைவிரல் அகலமே ஒரு சுன்; அவரது நான்கு விரல்களின் அகலம் மூன்று சுன். உயரமான மீனவருக்கும் ஒல்லியான பாட்டிக்கும் இடம் மாறும். திரையில் உள்ள படம் ஒன்றே. தொட்டு அளந்து பார்க்காமல் படத்தை மட்டும் நம்பிக் குத்தினால் புள்ளி தவறும்.

காலில் தவறினால் பெரும்பாலும் வலியோடு போகும். முதுகிலும் மார்பிலும் தவறினால் உயிருக்கே ஆபத்து. மேல்முதுகில் தோலிலிருந்து நுரையீரல் வெறும் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கக்கூடும். ஒல்லியான உடம்பில் சற்று ஆழமாகப் போன ஊசி நுரையீரல் உறையைத் துளைத்தால் காற்று கசிந்து மூச்சுத் திணறும். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

தோலின் மின்தடையை அளக்கும் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. வியர்வை, ஈரம், கருவியை அழுத்தும் வேகம் எல்லாமே அளவை மாற்றும். கடலிலிருந்து இப்போதுதான் கரையேறிய, உப்பும் வியர்வையும் படிந்த கையில் எடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு 'உங்கள் சிறுநீரகம் பலவீனம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையை ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் காட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நோயைத் தவறவிடுவது. 'இடது தோள் வலி' என்று பதிந்தால் மென்பொருள் தோளுக்கான புள்ளிகளைக் கொடுத்துவிடும். வலை இழுத்த வலி என்று நாமும் நினைத்துக்கொள்வோம். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். வியர்த்துக் கொட்டுவது, மார்பு இறுக்கம், மூச்சு வாங்குவது ஆகியவற்றோடு தோளோ கையோ வலித்தால் ஊசி வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலும் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அதே அவசரம்தான்.

பயிற்சி பெற்றவர் கையில் அக்குபஞ்சர் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, வலி போன்றவை. நுரையீரல் காற்றுக் கசிவு இருவருக்கு மட்டுமே. அங்கே ஊசி போட்டவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் என்பதை மறக்கக் கூடாது. செயலியைப் பார்த்துத் தானே குத்திக்கொள்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 நவம்பரில் வெளியான மத்திய சுகாதார அமைச்சக உத்தரவு, பதிவுபெற்ற மருத்துவர்களும் உரிய பயிற்சி பெற்றவர்களும் அக்குபஞ்சரைச் சிகிச்சை முறையாகப் பயன்படுத்த இடம் தந்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு அதைத் தனிச் சிகிச்சை முறையாகவே அங்கீகரித்தது. மகாராஷ்டிராவில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் குறுகிய காலச் சான்றிதழ் படித்தவரும், ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோகப் பட்டமான பி.என்.ஒய்.எஸ். படிப்பில் அக்குபஞ்சர் கற்றவரும், எம்.பி.பி.எஸ். முடித்தபின் பயிற்சி பெற்றவரும் ஒன்றல்லர். என்ன படித்தீர்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

மென்பொருளுக்கும் சட்டம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் மென்பொருளும் வருகிறது. நோயைக் கண்டறிய அல்லது சிகிச்சைக்கு என்று சொல்லித் தயாரிப்பாளர் விற்றால், 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் மனிதக் கண்காணிப்பை வலியுறுத்துகின்றன. 'செயலி அப்படித்தான் காட்டியது' என்று சொல்லி ஊசி போட்டவர் பொறுப்பைக் கைகழுவ முடியாது.

உங்கள் உடல்நிலைத் தகவலும் உங்கள் சொத்து. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். தகவலை அழிக்கச் சொல்லலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்த உரிமைகளும் முக்கியக் கடமைகளும் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை, மருத்துவத் தகவலை உணர்வுபூர்வமான தகவலாக வகைப்படுத்தும் 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் துணை நிற்கும்.

சிகிச்சைக்குப் படுக்கும் முன் கேட்க வேண்டியவை

• இந்தத் திட்டத்தை நீங்கள் சரிபார்த்தீர்களா, செயலி தந்ததை அப்படியே செய்கிறீர்களா?
• ஊசி புதியதா? உறையை என் கண் முன்னால் பிரியுங்கள். பயன்படுத்திய ஊசியைத் துளை விழாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்பது 2016-ன் உயிர் மருத்துவக் கழிவு விதி.
• மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு, எத்தனை அமர்வில் பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள்?

கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை நோய், கர்ப்பம், இதயத்தில் பேஸ்மேக்கர். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் செலுத்தும் சிகிச்சை கூடவே கூடாது. அக்குபஞ்சரைத் தொடங்கிவிட்டோம் என்று சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாதிப்பு ஏற்பட்டால்

முதலில் உயிர். மூச்சுத் திணறல், மார்பு வலி, மயக்கம் என்றால் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போங்கள். ஊசி போட்டுக்கொண்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்தது சான்று. ரசீது, செயலியில் வந்த திட்டத்தின் படம், வாட்ஸ்அப் செய்தி, ஊசி போட்ட இடத்தின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் தேதியோடு வையுங்கள். சிகிச்சை தந்தவர் பதிவுபெற்ற நவீன மருத்துவராக இருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும்.

பணம் கொடுத்துப் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் இலவசமாக நடக்கும் முகாமுக்கு இது பொருந்தாது; பணம் கட்டியதற்கு ரசீது வாங்குவது அதனால்தான் முக்கியம். புதுச்சேரியில் வசிப்பவர் இங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழிகாட்டலுக்கு 1915-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயை முற்றாகக் குணமாக்கும் செயலி என்பது போன்ற ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் தரலாம். வழக்காட வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும்.

அக்குபஞ்சர் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவை ஒரு செயலியிடம் விட்டுவிடாதீர்கள். ஊசி பிடிக்கும் மனிதரின் பெயரையும் படிப்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.