பெட்டியும் பாவாடையும்

நவம்பர் 30ஆம் நாள் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவிலும் கனடாவிலும் நியூசிலாந்திலும் பல பட்டணங்களில் ஒரு காட்சி காணலாம். வயதும் வசதியும் வாய்ந்த பெரிய மனிதர்கள், முழங்கால் தெரியக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை உடுத்தி, இடுப்பிலே தோல்பை தொங்க, விருந்து மண்டபத்துக்குள் வரிசையாக நடந்து வருவார்கள். முன்னே ஒருவர் கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு குழல் ஊதுவார். நம் ஊர்ப் போலீஸ் பாண்டிலே கேட்கிறோமே, அதே குழல்தான். ஜனவரி 25ஆம் நாள் இன்னொரு விருந்து. அது உழவர் வீட்டிலே பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள். அன்று ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் ஓட்ஸோடு பிசைந்து, ஆட்டு இரைப்பையிலே அடைத்து வேகவைத்து, குழலோசை முழங்க ஊர்வலமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏழை வீட்டிலே எதையும் வீணாக்கலாகாது என்று ஆக்கிய கறி, இன்று மேட்டுக்குடியின் மேசையிலே!

இவர்கள்தாம் ஸ்காட்லாந்துச் சங்கத்தார். தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து போனவர்களின் பேரன்மார், பேரனுக்குப் பேரன்மார். தம் முன்னோரின் பண்பாட்டைக் காக்கிறோம் என்கிறார்கள்.

தோழர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், நமக்கும் முதலில் வந்தது. ஆனால் இந்தச் சங்கங்களின் அடிவேரைத் தோண்டிப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. வேரிலே பாவாடையைக் காணோம், குழலையும் காணோம். அங்கே இருந்தது ஒரு பெட்டி. காசு போடும் பெட்டி!

1650ஆம் ஆண்டு செப்டம்பர் 3. டன்பார் என்ற இடத்திலே கிராம்வெல்லின் ஆங்கிலப் படை ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தது. பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களைத் தெற்கு நோக்கி நடத்தியே கொண்டுபோய், டர்ஹாம் நகரத்துப் பேராலயத்திலே அடைத்தார்கள். பசியும் நோயும் வாட்ட, ஆண்டவன் சந்நிதியிலேயே கும்பல் கும்பலாக மாண்டார்கள். 2013இல் அந்த ஆலயத்தின் அருகே கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஆராய்ந்து பார்த்தார்கள், அந்தக் கைதிகளின் எலும்புகளே என்று தெரிந்தது. 360 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள்ளே கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறார்கள்!

சாகாமல் எஞ்சியவர்களிலே 150 பேரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'யூனிட்டி', அதாவது ஒற்றுமை! பாஸ்டன் துறைமுகத்தில் இறக்கி, தலைக்கு 20 பவுன், 30 பவுன் என்று விலை பேசினார்கள். ஆறாண்டு, ஏழாண்டு, எட்டாண்டு என்று தவணை. ஏறத்தாழ 60 பேர் லின் பகுதியில் இருந்த இரும்பு உலைக்குப் போனார்கள்; மற்றவர்கள் மரம் அறுக்கும் ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும். 1651இல் வூஸ்டர் போரிலே பிடிபட்டவர்களில் 270 பேர் வரை பின்னர் இன்னொரு கப்பலில் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் ஜான் காட்டன், கிராம்வெல்லுக்கே ஒரு கடிதம் எழுதினார்: இவர்களைக் காலமெல்லாம் அடிமையாக வைக்கவில்லை, தவணைக்குத்தான் விற்றிருக்கிறோம் என்று. எத்துணை இரக்கம், பாருங்கள்!

தவணை முடிந்தவன் என்ன செய்வான்? ஊர் திரும்பக் கப்பல் கூலி ஏது? நிலமில்லை, உறவில்லை. நோய் வந்தால் கஞ்சி ஊற்ற ஆளில்லை. இப்படிப்பட்ட ஊரிலேதான் 1657ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், முப்பது பேருக்கும் குறைவான ஸ்காட்லாந்தியர் ஒன்றுகூடிப் பெட்டி வைத்தார்கள். சேரும்போது 12 பென்சுக்குக் குறையாமல் போடவேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6 பென்சு. கஷ்டத்திலே விழும் தம் நாட்டானுக்கு அதிலிருந்து உதவி. அவ்வளவுதான் சட்டம். நடுவே சங்கம் நொடித்தது. 1684இல் மீண்டும் நிறுத்தினார்கள். ஸ்காட்ஸ் சாரிட்டபிள் சொசைட்டி என்ற பெயரோடு அது பாஸ்டனில் இன்றும் இருக்கிறது. அமெரிக்க நாடு என்று ஒன்று பிறப்பதற்கு 119 ஆண்டு முன்னே பிறந்த சங்கம்!

பெட்டி வைக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல. தாய்நாட்டிலேயே மாலுமிகளும் நெசவாளிகளும் பெட்டி வைத்தவர்கள். லண்டனுக்குப் பிழைக்கப் போன ஸ்காட்லாந்தியரும் அங்கே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஃபென்விக் என்ற சிற்றூரின் நெசவாளிகள் கதையைக் கேட்டால் நம் கைத்தறித் தோழர்கள் மகிழ்வார்கள். 1761இல் அவர்கள் தங்கள் தொழிலைக் காக்கச் சங்கம் கண்டார்கள். 1769இல் அந்தச் சங்கப் பணத்தைக் கொண்டு ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கித் தங்களுக்குள்ளே விற்றுக்கொண்டார்கள். கூட்டுறவுப் பண்டகசாலை என்று இன்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடிகளிலே அவர்களும் உண்டு. நம் கணக்கிலே ஸ்காட்லாந்தின் பண்பாடு என்றால் முதலில் இதைத்தான் எழுதவேண்டும்.

அப்படியானால் பாவாடை எங்கிருந்து வந்தது?

பெட்டி வைத்த சங்கங்களைப் பார்த்துப் புதிய சங்கங்கள் எழுந்தன: 1729இல் சார்ல்ஸ்டனில், 1747இல் பிலடெல்பியாவில், 1756இல் நியூயார்க்கில். ஏழைக்கு உதவி என்பது அவற்றின் ஏட்டிலும் இருந்தது, கொடுக்கவும் கொடுத்தார்கள். ஆனால் நாளாக ஆக வணிகரும் வக்கீலும் மேசையின் தலைமாட்டில் அமர்ந்தார்கள், விருந்து பெருத்தது.

அந்தக் கட்டம் போட்ட உடைக்கு உரியவர்கள் ஸ்காட்லாந்தின் வட பகுதி மலைநாட்டார். கேலிக் மொழி பேசியவர்கள். சமவெளி ஸ்காட்லாந்தியர் அவர்களைக் கொள்ளைக்காரர் என்று இகழ்ந்த காலமும் உண்டு. 1746இல் கலோடன் போரிலே மலைநாட்டார் வீழ்ந்தபின், அவர்கள் உடைக்கே தடை போட்டது அரசு. உடுத்தினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தினால் ஏழாண்டு நாடு கடத்தல்! 1782இல்தான் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு எழுந்தருளினான். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கொண்டாட்டத்திலே மன்னனே அந்தப் பாவாடையை உடுத்திக் காட்சி தந்தான். சீமான்கள் எல்லோரும் உடுத்தினார்கள். தேசிய உடை பிறந்தது!

உடைக்கு உரியவன் அப்போது எங்கே இருந்தான்? தன் குடிசையிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தான். ஆடு வளர்த்தால் ஆதாயம் அதிகம் என்று கண்ட நிலப்பிரபுக்கள், மனிதரை அகற்றி ஆட்டை ஏற்றினார்கள். 1814இல் சதர்லாந்துப் பகுதியிலே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் வீடுகள் எரிந்தன. எரிப்பை நடத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்ட காரியக்காரர் பாட்ரிக் செல்லர் 1816இல் நீதிமன்றத்திலே நின்றார், விடுதலையும் பெற்றார். ஆடையை எடுத்துக்கொண்டு ஆளை விரட்டினார்கள், தோழர்களே!

விரட்டப்பட்டவர்கள் கடலோரத்துக்குப் போனார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், கப்பலேறினார்கள். கப்பலேறிய எல்லோரும் ஒரே நிலையில் இறங்கினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தியரிலே துரைகளாக இறங்கியவர்களும் உண்டு. இலங்கை மலைநாட்டிலே 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். அங்குள்ள தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: டன்சினேன், ஹோலிரூட், பல்மோரல். அத்தனையும் ஸ்காட்லாந்தின் மலையும் மாளிகையும். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே கொழுந்து பறித்தவர்கள் நம் மக்கள். ஊர்ப்பெயரைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள், பாஸ்டனில் வைத்த அந்தப் பெட்டியையும் கொண்டுவந்திருக்கலாம். அது அவர்களுக்கு நினைவில்லை போலும்.

மலைநாட்டார் பெருவாரியாகப் போய்ச் சேர்ந்த இடம் கனடாவின் நோவா ஸ்கோஷியா. புதிய ஸ்காட்லாந்து என்றே அதற்குப் பொருள். 1773இல் 'ஹெக்டர்' என்ற கப்பல் ஏறத்தாழ 200 பேரைப் பிக்டோவில் இறக்கியது. பின்னர் வந்தவர்களில் பலர் அந்த மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவிலே காடு வெட்டிக் குடியேறினார்கள். தீவு முழுதும் கேலிக் ஒலித்தது. 1890இல் செனட்டர் மக்கின்னிஸ், கேலிக் மொழியையும் கனடாவின் ஆட்சிமொழியாக்க மசோதா கொண்டுவந்தார். ஏழு பேர் ஆதரவு, 42 பேர் எதிர்ப்பு! 1892 முதல் 1904 வரை தீவின் சிட்னி நகரிலிருந்து 'மாக் தல்லா' என்ற ஏடு முழுக்க முழுக்கக் கேலிக்கிலேயே வெளிவந்து, பணமில்லாமல் நின்றது. பள்ளியிலே ஆங்கிலம், கேலிக் பேசிய பிள்ளைக்குத் தண்டனையும் ஏளனமும்.

மொழி தேயத் தேய, உடை வளர்ந்தது! 1938இல் தீவிலே கேலிக் கல்லூரி கண்டார்கள். நல்ல காரியம். ஆனால் நெடுங்காலம் அங்கே மொழியைவிட மேலாகப் பெயர் பெற்றவை குழலும் நடனமும் கட்டத் துணி நெசவும்தான். மாகாண முதல்வராக இருந்த ஆங்கஸ் எல். மக்டொனால்டு, சுற்றுலாப் பயணிகள் வரவேண்டும் என்று மாகாண எல்லையிலே பாவாடை உடுத்திய குழலூதியை நிறுத்தினார். 1950களில் மாகாணத்துக்கென்றே தனிக் கட்டத் துணியும் வந்தது. மொழிக்கென்று அரசு ஒரு தனி அலுவலகம் திறக்க 2006 ஆகிவிட்டது.

அந்த எல்லைக் குழல் யாருக்காக ஊதியதோ, ஜே.பி. மக்லாக்லனுக்காக ஊதவில்லை. ஸ்காட்லாந்திலே 1869இல் பிறந்து, சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கி, 1902இல் கேப் பிரெட்டனுக்கு வந்தவர். சுரங்கத் தொழிலாளரின் தலைவர். பண்ணையில் பிழைக்க வழியின்றி நிலக்கரிக் குழிக்கு வந்த கேலிக்காரர் பலர் அவர் பின்னே நின்றார்கள். 1923இல் சிட்னி உருக்கு ஆலைத் தொழிலாளரைக் குதிரைப் போலீஸ் தாக்கியதைக் கண்டித்து எழுதினார். ராஜத்துரோகம் என்று சொல்லிச் சிறையிலே தள்ளினார்கள். 1925 ஜூன் 11ஆம் நாள் கம்பெனிப் போலீஸின் குண்டுக்கு வில்லியம் டேவிஸ் என்ற தொழிலாளி பலியானார். ஆண்டுதோறும் அந்த நாளைச் சுரங்க ஊர்கள் டேவிஸ் நாளாக அனுசரிக்கின்றன. வந்த நாட்டிலே ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த அந்தத் தொழிற்சங்கத்தை, 1657ஆம் ஆண்டுப் பெட்டியின் வாரிசு என்று நாம் சொன்னால் பாவாடைப் பெரியவர்கள் கோபிப்பார்களோ என்னவோ!

அந்தத் தீவிலே இன்னமும் ஒரு வழக்கம் இருக்கிறது. நெய்தெடுத்த கம்பளியைச் சுருக்கி இறுக்குவதற்காக, நனைத்து, நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, தட்டித் தட்டி அடிப்பார்கள். அடிக்கு ஒத்தபடி பாட்டு. நம் நடவுப் பாட்டைப்போல ஒருவர் அடியெடுக்க, மற்றவர் பின்பாட்டு. ஸ்காட்லாந்திலே அது பெண்கள் வேலை; கேப் பிரெட்டனிலே ஆண்களும் அமர்ந்துவிட்டார்கள். இன்று கம்பளியை அப்படித் தட்டவேண்டிய தேவை கிடையாது, ஆலைத் துணி வந்துவிட்டது. ஆனாலும் கூடுகிறார்கள். பாட்டு முழுதும் கேலிக்கில்தான். சொல் தெரிந்தவர் அடியெடுக்கிறார். தெரியாதவர் பின்பாட்டிலே கலந்து கலந்து கற்றுக்கொள்கிறார். அந்த மேசையிலே உட்காரப் பாவாடை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.