சுவரெழுத்தும் வலையெழுத்தும்

செய்தியை அறிதல், அறிந்ததை உரைத்தல், உரைத்ததைப் பேணுதல் என்னும் மூன்றும் மக்கட் சமுதாயத்தின் அடிப்படைச் செயல்களாகும். நெடுங்காலமாக இவை அரசர், துறவியர், அச்சகம் உடையோர் ஆகியோரின் பொறுப்பிலேயே இருந்துவந்தன. இணையம் பரவிய பின்னரே பொதுமக்கள் தாமே கண்டதைத் தாமே எழுதி உலகறிய வெளியிடும் வாய்ப்புப் பெற்றனர். இம்முறை குடிமக்கள் ஊடகம் எனப்படும். எழுதுவோர் பலராயினும், எழுதுதற்கு இடம் அமைத்துத் தருவோர் சிலரே. அச்சிலரிற் பெரும்பாலோர் தொழில்முனைவோராவர். பிறர் எழுத்தை முதலாகக் கொண்டு தொழில் நடத்தும் ஒருவர்க்கு உரிய கடன் யாது என்பது இக்காலத்தார் ஆராயவேண்டிய வினாவாகும். இதனை ஆராய்தற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமானதொரு களமாக அமைந்துள்ளது.

இம்மாவட்டத்திலுள்ள சீகிரியாக் குன்றிற் கண்ணாடிச் சுவர் என வழங்கும் மதிலொன்று உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் எழுப்பிய அச்சுவரில், அவன் மறைந்த பின்னர்க் குன்றைக் காணவந்தோர் தம் உள்ளத்து எழுந்தவற்றைப் பாட்டாகக் கீறிச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. பேராசிரியர் செனரத் பரணவிதான 685 பாட்டுக்களை ஆராய்ந்து 1956இல் நூலாக வெளியிட்டார். பிக்குகள், அரச அலுவலர், பெண்டிர் எனப் பல திறத்தாரும் அவற்றை இயற்றியோருள் உளர். சிங்கள மொழியின் பழைய நிலையை அறிதற்கு அச்சுவரெழுத்து இன்றியமையாச் சான்றாகும். வழிப்போக்கரின் எழுத்து நூற்றாண்டுகள் கடந்து நாட்டின் செல்வமாயிற்று.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அளுவிகாரை வேறொரு நெறியைக் காட்டுகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வருத்தின. திரிபிடகத்தை நினைவிற் சுமந்த துறவியர் மாண்டால் நூலும் மாளும் என்னும் அச்சத்தினால் அஃது அங்கு ஏட்டில் எழுதப்பட்டது என்பர். சீகிரியாவில் எழுதியோர் தம் விருப்பப்படி எழுதினர். அளுவிகாரையில் எழுதியோர் ஒப்புநோக்கி, ஒழுங்குபடுத்தி, பேணும்பொருட்டு எழுதினர். முன்னது உரிமையையும் பின்னது பொறுப்பையும் குறிக்கும். குடிமக்கள் ஊடகத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.

இவ்விரண்டும் வாய்க்காத ஒரு கூட்டத்தாரையும் இம்மாவட்டத்தின் மண் அறியும். 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் பலர். சீகிரியாக் குன்றுக்குச் சில கல் தொலைவிற் சென்ற அம்மக்களின் பெயரை எச்சுவரும் தாங்கவில்லை, எவ்வேடும் பேணவில்லை. தமக்கென எழுத இடமில்லாதார் வரலாற்றிலும் இடம் இழப்பர் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அக்குறையைப் பின்னாளில் ஓரளவு நீக்க முயன்றவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் வர்த்தகர் சார்பான இதழொன்றின் ஆசிரியராயிருந்த அவர், இலங்கைக்கு வந்து, புடைவை வணிகர் கோலத்திற் தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய இதழ்களை நடத்தினார். வணிக அறிவும் மக்கட் பணியும் ஒருவரிடத்தே பொருந்தக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டாகும்.

இனி, இணையத் தொழிலை நோக்குவோம். கிரிக்கெட் ஆட்டச் செய்திகளைத் தரும் 'கிரிக்இன்ஃபோ' 1993இல் சைமன் கிங் என்பவரால் தொடங்கப்பட்டது. அயல்நாடுகளிற் பயின்ற மாணவரும் ஆய்வாளரும் கூலி பெறாது அதனை வளர்த்தனர். வானொலியைக் கேட்டும் தொலைக்காட்சியைப் பார்த்தும் ஒருவர் பந்துக்குப் பந்து தட்டச்சிட, கடல் கடந்திருந்தோர் அதனை உடனுக்குடன் வாசித்தனர். பழைய ஆட்டங்களின் ஓட்டக் கணக்குகளையும் தன்னார்வலரே தேடித் தொகுத்தனர். இலங்கை அணி 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற காலத்தில் இத்தகைய செய்தி எத்துணை அரிதென்பதை அயல்நாடுகளில் வாழ்ந்த இலங்கையர் நன்கறிவர். இம்முயற்சியை வளர்த்தோருள் ஒருவர் தமிழரான பத்ரி சேஷாத்ரி. அவர் பின்னர் 2004இற் சென்னையிற் கிழக்கு பதிப்பகத்தை நிறுவியோருள் ஒருவரானார். தமிழில் வலைப்பதிவு எழுதிய முன்னோடிகளுள்ளும் ஒருவர்.

கிரிக்இன்ஃபோ வணிக நிறுவனமாகிய பின்னர், 2000ஆம் ஆண்டில் அதன் பெறுமதி ஏறத்தாழ 15 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இணைய வணிகம் எங்கும் சரிய, அந்நிறுவனமும் இடருற்றது. அது 2003இல் விஸ்டன் குழுமத்தின் கைக்கும், 2007இல் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் கைக்கும் மாறியது. ஆயினும் ஆட்டக் கணக்குகள் அழியவில்லை. இன்றும் எவரும் அவற்றைக் காணலாம். சந்தை மதித்த பெறுமதி ஓராண்டில் வீழ்ந்தது. பலர் உழைத்துத் தொகுத்த அறிவு நிலைத்தது. தொழில்முனைவோர் தம் முதலை எதிற் காணவேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

தென்கொரியாவில் ஓ யோன்-ஹோ என்னும் இதழாளர் 2000ஆம் ஆண்டு 'ஓமைநியூஸ்' தளத்தைத் தொடங்கியபோது, 727 குடிமக்கள் அதன் நிருபராயினர். குடிமகன் ஒவ்வொருவனும் நிருபனே என்பது அவர் கொள்கை. ஆயினும் வந்தவை அனைத்தையும் அவர் அவ்வாறே வெளியிடவில்லை. பதிப்பாசிரியர் அவற்றைச் சரிபார்த்தனர்; எழுதியோர்க்குச் சிறு ஊதியமும் உண்டு. சீகிரியாவின் உரிமையையும் அளுவிகாரையின் பொறுப்பையும் ஒருங்கிணைக்க முயன்ற தொழில் இஃது எனலாம். இத்தகைய பணிக்குச் செலவு மிகுதி. விளம்பர வருவாய் போதாமையால் 2009இல் அவர் வாசகரிடம் மாதந்தோறும் பொருளுதவி வேண்டவேண்டியதாயிற்று. மெய்ம்மைக்கு விலையுண்டு, அதனை எவரேனும் செலுத்தியே ஆகவேண்டும்.

அவ்விலையைச் செலுத்தாவிடத்து விளையும் தீங்கை மாத்தளை மக்கள் அயலிலேயே கண்டனர். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கண்டி மாவட்டத்தில், திகனை முதலிய இடங்களில், முசிலிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாயில்களும் தாக்கப்பட்டன. பகைமையைத் தூண்டும் எழுத்துக்கள் முகநூலிற் பரவின. அரசு அவசரகால நிலையைப் பிறப்பித்ததோடு முகநூல் முதலிய தளங்களையும் சில நாட்கள் தடைசெய்தது. அந்நிறுவனம் 2020இல் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது. எவரும் எழுதலாம் எனச் சுவரைத் திறந்துவிட்டு, எழுதப்படும் மொழியை அறிந்த காவலரைப் போதியளவு நியமியாது ஊதியம் மட்டும் ஈட்டுதல் அறமாகாது. தடை செய்தலும் முழுத் தீர்வாகாது. தளங்கள் மூடப்பட்ட நாட்களில் வதந்தியை மறுத்துரைக்க விரும்பியோரின் வாயும் உடன் மூடப்பட்டது.

வணிக நோக்கின்றி இப்பணியை ஆற்றுவோரும் இந்நாட்டிலுளர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆதரவில் 2006இல் தொடங்கிய 'கிரவுண்ட்வியூஸ்', போர்க்காலத்திற் பிற ஏடுகள் எழுத அஞ்சியவற்றையும் வெளியிட்டது. அதே நிலையத்தின் 'மாற்றம்' தளம் தமிழில் எழுதுவோர்க்கு இடமளித்தது. 2005இல் தோன்றிய நூலகம் மின்னூலகம், தன்னார்வலர் உழைப்பினாலும் அன்பர் கொடையினாலும் ஈழத்து நூல்கள், இதழ்கள், கல்லூரி மலர்கள் முதலியவற்றைப் பேணி, எவரும் கட்டணமின்றி வாசிக்க வழிசெய்துள்ளது. அளுவிகாரையில் இருந்த ஏடுகள் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒட்டி அழிந்தன என்பதையும், யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டதையும் நினைவோர்க்கு இப்பணியின் அருமை விளங்கும்.

இவற்றால் தொழில்முனைவோர்க்குரிய நெறிகள் மூன்று தெளிவாகின்றன. எழுதியோரின் பெயரும் உழைப்பும் மதிக்கப்படுதல் முதலாவது. வெளியிடுமுன் உண்மையை ஆராய்தல் இரண்டாவது. நிறுவனம் கைமாறினும் மறைந்தாலும் எழுத்து மறையாதவாறு பேணுதல் மூன்றாவது. பொருள் ஈட்டுதல் இழிவன்று; அறத்துப்பாலை முன்வைத்துப் பொருட்பாலை அடுத்துவைத்த குறளின் வைப்புமுறையே ஈட்டும் முறையைக் காட்டும். வாழ்க்கைக்கும் இதுவே பொருந்தும். ஒருவர் சேர்த்ததைப் பிறர் பகிர்ந்துகொள்வர். பிறர்க்கு அவர் திறந்துவைத்த வாயிலே அவர் பெயரைச் சொல்லும்.

மாணாக்கர்க்கும் இதிற் பங்குண்டு. தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் இட்டு வழங்கும் தமிழ்ப் பெயர்கள், இலயத்து மூதாட்டியர் பாடும் தாலாட்டுக்கள், முத்துமாரியம்மன் கோயில் மாசிமகப் பஞ்சரத பவனியின் பழைய நினைவுகள், மன்னார் வழியாக நடந்து வந்த முன்னோர் பற்றி வீடுகளில் வழங்கும் கதைகள் ஆகியன இன்னும் பெரும்பாலும் நாவிலேயே வாழ்கின்றன. அவற்றைக் கேட்டு, கூறியவர் பெயரையும் நாளையும் குறித்து, ஒப்புநோக்கி எழுதிவைத்தல் பெரும்பொருள் வேண்டாத பணியாகும். சீகிரியாச் சுவரில் இன்று பெயர் கீறுவது தண்டனைக்குரிய குற்றம். இணையம் என்னும் சுவரோ எவர்க்கும் திறந்துள்ளது. நினைவைச் சுமந்த முதியோர் மறையுமுன் அதில் எழுதப்படுவனவே, பெயரின்றி மறைந்தோரின் வழித்தோன்றல்கள் தமக்குத் தாமே அமைக்கும் நினைவுச்சின்னமாகும்.