முதல் சாவி யாருக்கு?

புது மின்சாரக் காருக்கு முதல் ஆளாகப் பணம் கட்டினால், முதல் கார் நமக்குத்தானே வரும்? அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

டெஸ்லாவின் 'மாடல் 3' காருக்கு, அது எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே, கடை வாசலில் விடிய விடியக் காத்திருந்து ஆயிரம் டாலர் கட்டினார்கள் மக்கள். ஆனால் 2017 ஜூலையில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், முதல் சாவிகள் போனது அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கு! அடுத்து, ஏற்கெனவே டெஸ்லா வைத்திருந்தவர்களுக்கு. அதிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவர்களுக்கே முன்னுரிமை.

ஏன் தெரியுமா? தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கதவு சரியாக மூடவில்லை, திரை வேலை செய்யவில்லை என்று புது மாடலில் ஏதாவது கோளாறு வந்தால், உடனே பார்த்துச் சரிசெய்யலாம். அடுத்து வரும் கார்களிலும் அந்தக் குறையைத் திருத்திவிடலாம். நல்ல ஏற்பாடுதான், இல்லையா?