பேஸ்பால் பத்திகளும் புள்ளிவிவரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும் பேஸ்பால் லீகுகளில், ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்பதைத் தீர்மானிப்போர் ஆட்ட நடுவர்கள் அல்லர். பழைய ஆட்டக்காரர்களும் அல்லர். 1931 முதல் அப்பொறுப்பு பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்களிடமே இருந்து வருகிறது. பருவம் முழுவதும் ஆட்டக்காரர்களைப் பற்றி நாள்தோறும் பத்தி எழுதுவோரிற் சிலரே பருவத்தின் முடிவில் வாக்கும் அளிக்கின்றனர். ஆகவே, அவர்கள் பத்திகளில் எடுத்தாளும் எண்கள் எத்தகையவை என்பதை வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாகக் கருதுவதற்கில்லை.

1947-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் காண்போம். பாஸ்டன் குழுவின் டெட் வில்லியம்ஸ் அவ்வாண்டு அமெரிக்க லீகில் அடிச் சராசரியில் முதல்வர். ஹோம் ரன்களிலும் முதல்வர். தம் அடியால் குழுவுக்கு ஓட்டம் ஈட்டித் தந்ததிலும் முதல்வர். நியூயார்க் யாங்கீஸ் குழுவின் ஜோ டிமாஜியோவின் சராசரி 0.315, வில்லியம்ஸினுடையது 0.343. எனினும் 202-க்கு 201 என்ற மதிப்பெண் கணக்கில் பரிசு டிமாஜியோவுக்குச் சென்றது. ஒரே ஒரு வாக்குச் சீட்டில் இவ்விருவரும் அடுத்தடுத்த இடங்களை மாற்றிக்கொண்டிருந்தால் பரிசு கைமாறியிருக்கும். வில்லியம்ஸுக்கும் பத்திரிகையாளருக்கும் நல்லுறவு இல்லை என்பது ஊரறிந்த செய்தி. யாங்கீஸ் குழு அவ்வாண்டு லீகில் முதலிடம் பெற்றது என்பதும் உண்மையே. ஆனால் ஒன்பது பேர் கூடி ஆடும் ஆட்டத்தில் குழுவின் வெற்றியை ஒருவர் கணக்கில் எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

சராசரி என்னும் எண்ணிலேயே ஒரு குறை உண்டு. கிரிக்கெட்டில் சராசரி என்பது ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவது. பேஸ்பாலிலோ, வெற்றிகரமான அடிகளை அடிக்கும் வாய்ப்புகளால் வகுக்கின்றனர். இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் நிருபராகத் தொழில் தொடங்கியவர் இவர். எறிவாளர் நான்கு பந்துகளைத் தவறாக எறிந்தால் அடிப்பவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாம். இது எறிபவரின் பிழையேயன்றி அடிப்பவரின் திறமை அன்று என்பது சாட்விக்கின் கருத்து. 1887-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்நடைகளையும் அடிகளாகக் கணக்கிட்டனர். மறு ஆண்டே கைவிட்டனர். அதன் விளைவாக, தீய பந்தைத் தொடாது விடும் பொறுமை சராசரியில் இடம்பெறாமற் போயிற்று. 1947-ல் வில்லியம்ஸ் இவ்வாறு 162 முறை தளம் சேர்ந்தார். டிமாஜியோ 64 முறை. நடைகளையும் சேர்த்துப் பார்த்தால், வில்லியம்ஸ் ஆட வந்த தடவைகளில் ஏறக்குறையப் பாதியில் ஆட்டமிழக்காது தளம் அடைந்துள்ளார். இவ்விகிதம் அதிகாரபூர்வமான கணக்கில் ஏறியது 1984-ல்தான்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பத்திகளில் சராசரியை மூன்று தசம இடங்களுக்கு அச்சிடுகின்றனர். அத்துணை நுட்பம் அவ்வெண்ணுக்கு உண்டா? மெய்யான திறமை 0.270 உடைய ஒருவருக்கு ஒரு பருவத்தில் 500 வாய்ப்புகள் கிட்டுவதாகக் கொள்வோம். நிகழ்தகவுக் கணிதப்படி, தற்செயலால் மட்டுமே அவர் சராசரி மூன்று பருவங்களில் இரண்டில் 0.250-க்கும் 0.290-க்கும் இடையே ஊசலாடும். மூன்றாவதில் அவ்வெல்லையையும் கடக்கும். எனவே 0.280 எடுத்தவரைவிட 0.290 எடுத்தவர் சிறந்தவர் என்று ஒரு பருவத்தின் கணக்கைக்கொண்டு அறுதியிட இயலாது. வாய்ப்புகள் 45 ஆகக் குறைந்தால் ஊசலாட்டம் 0.204 முதல் 0.336 வரை விரிகிறது. பருவத் தொடக்கத்தில் "புது நட்சத்திரம் உதயம்" என்று எழுதப்படும் பத்திகள் பலவற்றுக்கு அடிப்படை இத்தனை வாய்ப்புகள்கூட இல்லை!

பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதனை அழகாக விளக்குகிறது. 1970-ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 ஆட்டக்காரர்களின் முதல் 45 வாய்ப்புகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் எஞ்சிய பருவத்தில் எவ்வாறு அடிப்பர் என ஊகித்தனர். 18 பேரின் பொதுச் சராசரி 0.265. ஒவ்வொருவரும் இதனின்று விலகி நிற்கும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திறமையென ஏற்று, மிகுதியைத் தற்செயல் என ஒதுக்கினர். ராபர்ட்டோ கிளெமென்டே அதுவரை 0.400 எடுத்திருந்தார், அவருக்கு ஊகித்தது 0.294. பின்னர் அவர் எடுத்ததோ 0.346. கிளெமென்டே மெய்யாகவே பேராட்டக்காரர் ஆதலின் அவரளவில் இவ்வூகம் தாழ்ந்துவிட்டது. ஆனால் பதினெண்மரையும் ஒருங்கே நோக்கினால், பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, பழைய சராசரியையே நம்பியதற்கு வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலும் குறைந்தது.

பத்தி எழுதுவோரின் சார்பு பெரும்பாலும் பொய்யுரைப்பதில் இல்லை. பொறுக்கி எடுப்பதில் உள்ளது. "இவ்வெறிவாளருக்கு எதிராக இவர் 20 வாய்ப்புகளில் 8 அடி அடித்தவர்" என்பது அடிக்கடி காணும் வாக்கியம். 0.270 திறமையுடைய எவரும் தற்செயலாகவே ஏழில் ஒரு முறை இதனைச் சாதிப்பார். பதினைந்து ஆட்டங்கள் நடக்கும் நாளில் அடிக்க வருவோர் 270 பேர். அனைவரும் அத்திறமையினர், அனைவருக்கும் 20 வாய்ப்புகளின் பழங்கணக்கு உண்டு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய நாற்பது பேர் இப்பெருமைக்கு உரியவராவர். தமக்கு விருப்பமானவர் பெயரை அவர்களிடையே காண எழுத்தாளருக்கு அரிதோ? பகலாட்டம், இரவாட்டம், ஜூன் மாதத்துக்குப் பின் என்று மேலும் துண்டு போட்டால் எவரையும் புகழலாம், எவரையும் இகழலாம். "நெருக்கடியில் கைகொடுப்பவர்" என்ற பட்டமும் இவ்வகையதே. ரிச்சர்டு கிராமர் 1969, 1970 ஆகிய இரு பருவங்களின் கணக்குகளை ஒப்பிட்டு 1977-ல் எழுதியபோது, முதலாண்டில் அவ்வாறு விளங்கியோர் மறு ஆண்டிலும் அவ்வாறே விளங்கினர் என்பதற்குச் சான்று காணவில்லை.

எழுத்தாளர் மாறவே இல்லை எனக் கூறுதல் நியாயமன்று. சிறந்த எறிவாளருக்குரிய சை யங் பரிசை 1990-ல் அமெரிக்க லீகில் 27 வெற்றிகள் பெற்ற பாப் வெல்ச்சுக்கு அளித்தனர். ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டம் 2.95; 21 வெற்றிகள் பெற்ற ரோஜர் கிளெமென்ஸ் விட்டதோ 1.93. எறிவாளரின் வெற்றிக் கணக்கு அவர் குழு எடுக்கும் ஓட்டங்களையும் பொறுத்தது என்பதை வாக்காளர் அன்று எண்ணவில்லை போலும். 2010-ல் 13 வெற்றி, 12 தோல்வி கண்ட ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கும், 2018-ல் தேசிய லீகில் 10 வெற்றி, 9 தோல்வி கண்ட ஜேக்கப் டிகிராமுக்கும் அதே பரிசு கிடைத்தது.

இதில் பணமும் சம்பந்தப்பட்டுள்ளது. 2022-ல் லீக் நிர்வாகமும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குறைந்த ஊதியம் பெறும் இளம் ஆட்டக்காரருக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. அவர்களுள் முதற்பரிசு பெறுபவருக்கு அதிலிருந்து 25 லட்சம் டாலர். பரிசுகளுக்குரிய தொகை போக எஞ்சியதை, ஆட்டத்தின் பல கூறுகளையும் எடையிடும் ஒரு புள்ளியியல் சூத்திரத்தின்படி பங்கிடுவர்.