13(2) என்றால் எந்த 13(2)?

வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் எண்ணோடுதான் படியேறுவார்கள். "என் தம்பி மேல 506 போட்டுட்டாங்க" என்பார் ஒருவர். "வீட்டுக்காரர் 106 நோட்டீஸ் விட்டிருக்கார்" என்பார் இன்னொருவர். கும்பகோணம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "எந்தச் சட்டத்துல?" வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எண்ணையே சொல்லிவிட்டேன், இன்னும் என்ன சொல்ல வேண்டும் என்பதுபோல விழிப்பார்.

பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பெயருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர் மனைவி. உள்ளே முழுக்க இங்கிலீஷ். தலைப்பில், நான்கு வரிக்கு நீண்ட ஒரு சட்டத்தின் பெயர். அதற்கு முன்னால் கொட்டை எழுத்தில் '13(2)'. பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் அந்த எண்ணை மட்டும் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது டைவர்ஸ் கேஸ் அக்கா, பொண்டாட்டி தரப்புல போடுறது" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா காகிதத்தோடு ஆபீசுக்கு ஓடி வந்தார். "அண்ணே, நான் எங்கே டைவர்ஸ் கேட்டேன்? கோவத்துல ஒரு சொம்பைத்தான் விட்டெறிஞ்சேன்!"

பையன் சொன்னது பொய்யில்லை. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் 13(2) என்பது, மனைவிக்கு மட்டும் உள்ள கூடுதல் விவாகரத்துக் காரணங்களைச் சொல்லும் பகுதி. ஆனால் வந்திருந்தது பேங்க் நோட்டீஸ். கோர்ட் வட்டாரத்தில் 'சர்ஃபேசி' என்று சுருக்கிச் சொல்லும் 2002ஆம் வருடச் சட்டத்தின் 13(2) அது. கடன் வாராக்கடன் ஆகிவிட்டது, 60 நாளுக்குள் பாக்கி முழுவதையும் கட்டு என்பது அதன் பொருள். கட்டாவிட்டால் அதே பிரிவின் (4)ஆம் உட்பிரிவின்படி அடமானச் சொத்தை பேங்க் சுவாதீனம் எடுக்கலாம். கடன்காரர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்து அந்தக் காகிதத்தை அலமாரியில் செருகியிருந்தால், அந்த 60 நாளும் சத்தமில்லாமல் ஓடியிருக்கும்.

இன்னொரு 13(2)கூட நாம் பேப்பரில் நிறையப் பார்த்ததுதான். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் அடிபட்டது 1988ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(2). பேங்க், குடும்பம், லஞ்ச ஒழிப்பு என்று மூன்று கோர்ட் வாசலிலும் 13(2) என்றுதான் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 5ஆம் நம்பர் பஸ் எல்லா ஊரிலும் ஓடும். அது எங்கே போகும் என்பது நாம் எந்த ஊர் பஸ்ஸ்டாண்டில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சட்டம் மாறினால் எண்ணின் பொருள் மாறும் என்பதாவது புரிகிறது. அதே விஷயத்துக்கு காலம் மாறினால் எண்ணே மாறிவிடுகிறது. 2024 ஜூலை 1ஆம் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. பெயரை முழுதாகச் சொல்ல நாக்கு சுளுக்கும் என்பதால் நாங்கள் பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ் என்போம். அன்றைக்கு எங்கள் மனப்பாடமெல்லாம் பழைய பேப்பர் விலைக்குப் போனது.

ஜீவனாம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸ் பரணில் இருக்கும் மிகப் பழைய கட்டுகளில், கைவிடப்பட்ட மனைவியின் மனு 488ஆம் பிரிவில் இருக்கும். அது 1898ஆம் வருட நடைமுறைச் சட்டம். 1974 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்ததும் அதே மனு 125 ஆனது. "125 போட்டிருக்கா" என்றால் டீக்கடைக்காரருக்கும் புரியும். இப்போது பிஎன்எஸ்எஸ்-இல் அதற்கு எண் 144. ஆமாம், அதே 144! ஊரடங்கு, கூட்டத்துக்குத் தடை என்று நாம் நினைக்கும் 144 இப்போது 163 ஆகிவிட்டது. எந்தக் கலெக்டரும் இன்றைக்கு 144இன் கீழ் தடை உத்தரவு போட முடியாது. ஆனாலும் செய்தி வாசிப்பவர் '144 தடை' என்றுதான் சொல்கிறார், ஜனங்களும் அப்படியே புரிந்துகொள்கிறார்கள். இனி ஒருவன் "என் மேல 144 இருக்கு" என்று சொன்னால், ஊர்க் கலவரமா, வீட்டுக் கலவரமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வக்கீல்களும் தப்பவில்லை. "482 டைப் பண்ணு" என்றால் முன்பு ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. இப்போது 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனுவுக்கு 528. இரண்டும் வேறு வேறு மனு, வேறு வேறு வாசகம். அவசரத்தில் பழைய மாதிரியைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் அடித்தால் கதை கந்தல்.

குற்றம் 2024 ஜூலைக்கு முன்பு நடந்திருந்தால் இன்றைக்கும் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆகவே இன்னும் பல வருடங்களுக்கு ஒரே கோர்ட்டில் இரண்டு 302 இருக்கும். பழைய 302 கொலை. புதிய 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. அதிகபட்சம் ஒரு வருட ஜெயில். எஃப்ஐஆர் நகல் கைக்கு வந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் ஐபிசியா பிஎன்எஸ்ஸா என்று எழுதியிருப்பதை முதலில் பாருங்கள். பாவம், 420க்குத்தான் போக்கிடம் இல்லை. பிஎன்எஸ்-இல் மொத்தமே 358 பிரிவுதான். ஏமாற்று வேலை இப்போது 318(4). ஆனால் ஊரில் 420 பேர்வழிகளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

மேலே சொன்ன 106, சொத்து மாற்றுச் சட்டத்தில் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் 15 நாள் நோட்டீஸ். பிஎன்எஸ்-இல் 106, அஜாக்கிரதையால் மரணம்.

நாமே கையெழுத்துப் போடும் காகிதங்களில் இருக்கும் எண்ணுக்கு, அந்தக் காகிதத்துக்கு வெளியே ஒரு பொருளும் கிடையாது. வாடகை ஒப்பந்தத்தின் 7ஆம் ஷரத்தில் என்ன இருக்கிறது என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. உங்கள் பத்திரத்தைப் புரட்டினால்தான் தெரியும். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. விலக்குகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் பொது எண் கொடுத்துவிட்டது. எந்தக் கம்பெனி பாலிசியானாலும் விலக்கு 01 என்றால் ஏற்கெனவே உள்ள நோய், 03 என்றால் முதல் 30 நாள் காத்திருப்பு. கிளெய்ம் மறுத்து வரும் கடிதத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் எதில் மாட்டியிருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். இப்படி எல்லா இடத்திலும் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். என் பிழைப்பு கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை.

நோட்டீஸ் எதுவானாலும் எண்ணை மட்டும் போனில் சொல்லாதீர்கள். சட்டத்தின் பெயர், வருடம், தபால் கைக்கு வந்த தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு, எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். 1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு.