சலேத் மாதாவின் சுத்தியலும் குறடும்

கொடைக்கானல் என்றாலே உடம்பு தேறுகிற ஊர் என்றுதான் பேச்சு. அந்த ஊர் உருவானதே அப்படித்தான். மதுரைப் பக்கத்துக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்ப, 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே இரண்டு பங்களா கட்டிக் குடியேறினார்கள். மனசு ஆறுவதைப் பற்றிப் பேசுகிற இடமும் இதே மலையில் இருக்கு: 1866இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கட்டிய சலேத் மாதா கோயில்.

சலேத் என்பது பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள சின்ன ஊர். 1846 செப்டம்பர் 19 அன்று மெலானி, மாக்சிமின் என்று மாடு மேய்க்கிற இரண்டு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1851இல் கிரெனோபிள் ஆயர் அந்தக் காட்சியை ஏற்றுக்கொண்டார். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு ஆரோக்கிய மாதா என்று பேர். சலேத்தில் ஒப்புரவின் அன்னை.

அந்த அம்மாவின் மார்பில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கவனிக்கணும். ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. சுத்தியல் ஆணி அடிப்பது, அதாவது நம்ம பாவம். குறடு அந்த ஆணியைப் பிடுங்குவது. சுத்தியலைக் கீழே போட்டதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம். ஆணி இன்னும் உள்ளேதான் இருக்கு.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஞானோபதேசம் சொல்கிற ஐந்து காரியங்களும் இதைத்தான் சொல்லுது. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்கிற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை. இதோடு நின்றுவிடாமல் ஐந்தாவதாக அபராதம் தீர்ப்பது வருது. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயுவைப் பாருங்க. ‘மன்னியும்’ என்று சொல்லி நிறுத்தவில்லை. யாரையாவது ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இயேசு அவன் வீட்டுக்கு வந்தது அவனைத் திருத்திய பிறகு அல்ல. முதலில் வந்தார், அந்த அன்பில்தான் அவன் கை குறடை எடுத்தது.

இது தனிமனித பக்திக்கு மட்டும் பொருந்துகிற விஷயமில்லை. இதே கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் உற்பத்தி நின்றது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள். நிறுவனம் அதை மறுத்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கண்டது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்யணும் என்ற வாதம் அதற்குப் பிறகும் நீண்டது. ஆலை நின்ற நாள் சுத்தியல் ஓய்ந்த நாள். குறட்டு வேலைக்கு வருஷக்கணக்கில் ஆகுது.

அதனால், காயப்பட்டவரிடம் போய் ‘கிறிஸ்தவர்தானே, மன்னிச்சு மறந்துடுங்க’ என்று அவசரப்படுத்துவது விசுவாசம் ஆகாது. மன்னித்தவர் நியாயம் கேட்கலாம். வைத்த வெறுப்பைத்தான் அவர் விட்டார், பட்ட நஷ்டத்தை அல்ல. மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கலாம். காயம் ஆற நாளாகும்.

ஆகஸ்டு 14, 15 திருவிழாவுக்கு மலையேறுகிறவர்கள் அந்தச் சிலுவையை ஒரு நிமிஷம் நின்று பாருங்க. பிறகு, யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாலும், வெறுங்கையோடு போகாதீங்க. குறடோடு போங்க.