பெயரில்லாத பேரேடு

‘எல்லாம் வெளிப்படை’ என்பது கிரிப்டோ நாணயச் சொல்லாடலின் ஆதார வாக்குறுதி. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் கண்ணி எழுதப்பட்டபோது, வங்கிகளை இரண்டாம் முறை அரசு கைதூக்கிவிடப்போவதைச் சொன்ன லண்டன் நாளிதழ்த் தலைப்பு ஒன்றும் அதற்குள் பொதியப்பட்டது. வங்கியின் மூடிய கணக்குக்கு எதிராக யாரும் திறந்து பார்க்கக்கூடிய பேரேடு. அதுதான் இதன் அரசியல். பெருங்குடியில் ஐ.டி. வேலைக்குப் போகும் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள்: “எல்லாம் செயின்லயே இருக்கு, போய்ப் பாத்துக்க.” பார்க்கலாம்தான். ஆனால் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு.

பேரேட்டில் இருப்பவை அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, தொகை, நேரம். அவ்வளவுதான். முகவரி என்பது எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட சரம். பெயர் கிடையாது. ஒருவரே ஆயிரம் முகவரி வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆய்வாளர் ஊகத்திலிருந்தே தொடங்குகிறார். பிட்காயினில் ஒரே பரிமாற்றத்துக்குப் பல முகவரிகளிலிருந்து காசு சேர்ந்து வந்தால் அவற்றின் சாவிகள் ஒரே கையில் இருக்கின்றன என்று கொள்வது ஒரு விதி. மீதிச் சில்லறை போய்ச்சேரும் புது முகவரியும் அதே ஆளுடையது என்பது இன்னொன்று. இப்படித் தொகுத்து, எவை எக்ஸ்சேஞ்சுகளின் முகவரிகள் என்று அடையாளம் கண்டபின் சந்தையை வாசிக்கிறார்கள்: காசு எக்ஸ்சேஞ்சுக்குள் குவிந்தால் விற்கப்போகிறார்கள், வெளியேறினால் வைத்துக்கொள்ளப்போகிறார்கள். இவை குறிகள் மட்டுமே. எக்ஸ்சேஞ்ச் தன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு புதுப் பெட்டிக்கு மாற்றினாலும் அதே குறிதான் தெரியும்.

இதைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்சுக்குள் நீங்களும் நானும் வாங்கி விற்பது பொதுப் பேரேட்டில் ஏறுவதே இல்லை. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் நடக்கிறது. லட்சக்கணக்கானோரின் காசு சில வாலட்டுகளில் கலந்து கிடக்கிறது. பேரேட்டின் கண்ணுக்கு அத்தனை பேரும் ஒரே ஆள்.

2024 ஜூலை 18 அன்று வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. திருடிய முகவரியை உலகமே பார்த்தது. அது விற்கத் தொடங்கியதும் தெரிந்தது. சிபா இனுவின் விலை அன்றே சரிந்தது. நாணயங்கள் ஈத்தராக மாறியதும், பின்னர் டொர்னாடோ கேஷ் என்ற கலவைப் பொறிக்குள் நுழைந்ததும் பதிவாகியிருக்கின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்காவும் தென்கொரியாவும் வடகொரியாவைக் குற்றம் சாட்டின. திருடனைப் பற்றிப் பேரேடு இவ்வளவு பேசியது. பறிகொடுத்தவர் யார்? அதற்கு அதனிடம் ஒரு சொல்லும் இல்லை. பலர் காசைத் திருடன் கலந்தால் குற்றம், நிறுவனம் கலந்தால் சேவை.

அந்தச் சொல்லை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போட்டு எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்த ஒரு பயனரின் கணக்கும் முடக்கப்பட்டது. திருடுபோனவற்றில் எக்ஸ்ஆர்பி இல்லை. ஆனாலும் நஷ்டத்தை எல்லாப் பயனர்களும் பகிர வேண்டும் என்பது நிறுவனத் தரப்பு வாதம். 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். ‘இது இவருடையது’ என்ற வாக்கியம் பேரேட்டுக்கு வெளியேதான் எழுதப்பட்டது.

திறந்த பேரேடு நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்ச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இன்றும் நிற்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவை சொல்கின்றன. ஆனால் ஓலையில் பெயர் ஏறவே கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். சுவர் எல்லோருக்கும் திறந்திருந்தது, குடம் அப்படியில்லை. வெளிப்படைத்தன்மை அதிகாரத்தை ஒழித்துவிடுவதில்லை; அது எந்த வாசலில் நிற்கிறது என்பதையே மாற்றுகிறது.

இன்று அந்த வாசல், முகவரியையும் பெயரையும் இணைக்கும் பட்டியல். எக்ஸ்சேஞ்ச் நம் பான் எண்ணை வாங்கி வைத்திருக்கிறது. 2022 ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுவதால் அரசுக்கும் நம்மைத் தெரியும். நிறுவனம் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. வாலட்டில் இருப்பதைக் காட்டுவது பாதிக் கணக்கு. கடன் பக்கத்தையும் காட்டச் சொல்லாதவரை, “போய்ப் பாத்துக்க” என்பது நம்மை வாயடைக்கும் வாக்கியம்தான்.